இஞ்ஞாசியம்மாள் கலவை கேட்ட நாள்

கல்லூரி மலருக்கு யாராவது ஒருத்தர் இஞ்ஞாசியம்மாளைப் பற்றி எழுத வேண்டும் என்று அறிவுச்செல்வி டீச்சர் சொன்னதும் வகுப்பே என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு எழுத வரும் என்பதால் அல்ல. எனக்கு வாய் நீளம் என்பதால். பேகம்பூர் தாஹிரா வருகிறாள் என்றால் எங்கள் தெருவில் மீன்காரர்கூடத் தராசைச் சரியாகப் பிடிப்பார். அப்படிப்பட்டவள் எழுதினால் நாலு பேருக்குக் கோபம் வரத்தான் செய்யும். வரட்டும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் நான் அங்கே போய்ச் சேர்ந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் ஓதம் ஏறியது. மூன்று கொத்தனார்கள் வந்தார்கள். மூன்று பேரிடமும் சண்டை போட்டேன். மூன்றாவது ஆள் பாதி வேலையில் கரண்டியைக் கழுவிக்கொண்டு கிளம்பியபோது என் வீட்டுக்காரர் பீர் முகமது, சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அம்புட்டுத் தெரிஞ்சவ நீயே கட்ட வேண்டியதுதானே?" என்றார். மனுஷன் விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த வாரமே சமுதாயக் கல்லூரியில் கட்டுமானத் தொழில் படிப்புக்கு மனுப் போட்டுவிட்டேன். நாற்பத்தோரு வயதில்! ஆறு மாதப் படிப்பு, வயது வரம்பு கிடையாது, எட்டாவது வரை படித்திருந்தால் போதும்.

பயிற்சிக் கூடம் ஒரு காலத்தில் தோல் பதனிடும் ஷாப்பாக இருந்த கொட்டகை. என் அத்தா அந்த மாதிரி ஒரு கொட்டகையில்தான் காலமெல்லாம் நின்று தோல் அலசினார். மழை நாளில் அந்த வாடை தரையிலிருந்து இன்னும் கிளம்பும். கூடப் படித்த பையன்கள் மூக்கைப் பொத்துவார்கள். எனக்கு அத்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

வகுப்பில் பதினைந்து பேர். பெண்கள் மூன்று. அதில் ஒருத்தி கல்யாணம் நிச்சயமாகி இரண்டாவது மாதமே நின்றுவிட்டாள். மிஞ்சியது நானும் இஞ்ஞாசியம்மாளும். டீச்சருக்கு இருபத்தேழு வயது. பொறியியல் படித்துவிட்டு வந்த பெண். எங்களை அம்மா, அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டே விரட்டி வேலை வாங்கினார். பயிற்சிச் சுவருக்கு அங்கே சிமென்ட் கிடையாது, மணலும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவைதான். காலையில் கட்டுவோம். டீச்சர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார், திட்டுவார். சாயங்காலம் நாங்களே சுவரைப் பிரித்து, செங்கல்லைச் சுரண்டி, அடுக்கிவைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கட்டிய கையாலேயே தினமும் பிரிப்பது எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இஞ்ஞாசியக்கா பிரிப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் தன் சுவரைத் தடவிக்கொடுப்பாள். பிறகுதான் முதல் கல்லை எடுப்பாள்.

முதல் நாள் அவளை நான் கூட்டிப் பெருக்க வந்த ஆள் என்றே நினைத்தேன். தப்பு முழுக்க என்னுடையது இல்லை. சேலைக்கு மேல் ஆம்பிளைச் சட்டை, இடுப்பில் சுருட்டிச் செருகிய சும்மாட்டுத் துணி. யாரும் சொல்லாமலே விளக்குமாற்றை எடுத்துக் கொட்டகையைக் கூட்டினாள். மணலைச் சலித்தாள். கலவை போட்டாள். நாங்கள் பதினான்கு பேரும் உட்கார்ந்திருந்த இடத்துக்கெல்லாம் சட்டி சட்டியாகக் கொண்டுவந்து வைத்தாள். "அம்மா, நீங்க எந்த எடத்துல உக்காருறீங்க?" என்று டீச்சர் கேட்டதற்கு, "நான் இங்ஙன நின்னுக்கிறேன் தாயி" என்றாள். படிக்க வந்தவள் அப்படிச் சொன்னாள்! எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அவள் எரியோட்டுக்காரி. ஊருக்கு மேற்கே மானாவாரிக் காடு கொஞ்சம். பத்தொன்பது வயதில் கல்யாணம். வீட்டுக்காரர் வேடசந்தூர் பக்கம் நூல் மில்லில் வேலை. கிணறு வற்றிய ஒரு வருஷத்தில், காடு சும்மா கிடக்கிறதே என்று நான்கு மாதத்துக்குச் சித்தாள் வேலைக்குப் போனாள். அந்த நான்கு மாதம் இருபத்திரண்டு வருஷமாகிவிட்டது. அதில் பதினான்கு வருஷம் ஸ்டான்லி மேஸ்திரி என்ற ஒரே ஆளிடம். அவளோடு பஸ்ஸில் போனால் திண்டுக்கல்லையே வேறு மாதிரிப் பார்க்கலாம். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டிக்கொண்டே வருவாள். "அந்தா தெரியுதுல்ல மண்டபம், அதோட மாடி நான் செமந்தது. இந்த பேங்கு மூணாவது மாடியும் நான் செமந்ததுதான். லிஃப்ட் வேல செய்யலன்னு ஏறுறவுக மூச்சு வாங்குவாக, எனக்குச் சிரிப்பா வரும்" என்பாள். கட்டினேன் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சுமந்தேன் என்றுதான் சொல்லுவாள்.

அந்தச் சுமைதான் கடைசியில் வினையாகிப் போனது. போன வருஷம் ஒரு நாள் காலையில் எழுந்தால் கழுத்துத் திரும்பவில்லை. வலது கை விரல் மூன்றும் மரத்துப்போயிருந்தன. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனிமேல் தலையில் ஒரு கிலோ எடைகூட வைக்கக் கூடாது, வைத்தால் கை விழுந்துவிடும் என்று சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாகத் தெரிந்த ஒரே வேலை தலையில் வைப்பது. அதைச் செய்யக் கூடாது என்றால் மனுஷி என்ன செய்வாள்? யாரோ சொல்லி இந்தப் படிப்புக்கு வந்தாள். எரியோட்டில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலைக்குப் பெண் கொத்தனார் வேண்டும் என்று ஒரு கான்ட்ராக்டர் டீச்சரிடம் கேட்டிருந்தார். தேர்வில் பாஸான சான்றிதழ் இருந்தால்தான் எடுப்பாராம். ஆக, பாஸானால் கொத்தனார். பெயிலானால் கட்டட வேலையே கிடையாது. அடுத்த தேர்வு ஒரு வருஷம் கழித்து, அதுவும் நிச்சயம் இல்லை.

வேலை தெரியாதவளா என்றால், அடேயப்பா! ஒவ்வொரு கொத்தனார் கையையும் இருபத்திரண்டு வருஷம் கீழேயிருந்து பார்த்தவள் அவள். பத்து நாளில் கரண்டி அவள் கையில் குழைந்தது. மூன்றாவது மாதம் டீச்சர் தூக்குக்குண்டை அவள் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்துவிட்டு செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். என் சுவரைப் பற்றிக் கேட்காதீர்கள். என் சுவர் எப்போதும் ஐந்து மாதக் கர்ப்பிணி மாதிரி நடுவில் துருத்திக்கொண்டு நிற்கும்.

அக்காவுக்கு வராத விஷயம் ஒன்றே ஒன்று. அவளுக்குக் கலவை கேட்க வரவில்லை.

இது உங்களுக்கு அற்ப விஷயமாகத் தெரியலாம். டீச்சர் எங்களை இரண்டிரண்டு பேராகப் பிரித்திருந்தார். ஒருத்தர் கொத்தனார், ஒருத்தர் சித்தாள். மறுநாள் மாற்றிக்கொள்ள வேண்டும். நானும் அக்காவும் ஒரு ஜோடி. கொத்தனார் இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. சித்தாள் கேட்காமல் கலவை கொண்டுவரக் கூடாது. சாரத்தின் மேல் நிற்கிறவர் வாய்விட்டுக் கேட்கத் தெரிந்தால்தான் வேலை ஓடும், இல்லையென்றால் கலவையும் வீண், ஆளுக்கும் ஆபத்து என்பது டீச்சர் கணக்கு. தேர்வில் அதற்கென்றே மார்க் உண்டு.

நான் கொத்தனாராக உட்காரும் நாளில் கொட்டகை அதிரும். "யக்கா, அரைச் சட்டி!" என்று கத்துவேன். அரைச் சட்டிக்கு மேல் நான் கேட்டதே இல்லை, அவள் கழுத்தை நினைத்து. அதையும் இடுப்பில் வைத்துத்தான் தூக்க வேண்டும் என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவள் கொத்தனாராக உட்காரும் நாளில் பலகையில் கலவை தீர்ந்துபோகும். நான் நிறைந்த சட்டியோடு காத்து நிற்பேன். அவள் செங்கல்லைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிறகு மெதுவாகத் திரும்பி, "கோவிச்சுக்காத தாயி… ஒனக்குத் தோதுப்பட்டா… கொஞ்சம் கலவை இருக்குமா?" என்பாள்.

"என்னக்கா நீ, கல்யாண வீட்டுல ரெண்டாந்தரம் கொழம்பு கேக்குறவ மாதிரிக் கேக்குற?"

"வாய் வரலயே தாயி. கூப்புட்டா ஓடணும்னுதான் தெரியும். கூப்புடுறது எப்பிடின்னு தெரியலயே."

பழக்கிவிடலாம் என்று நானும் தலைகீழாக நின்று பார்த்தேன். பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, தள்ளி நின்ற டீக்கடைக்காரரை இங்கிருந்தே கூப்பிடச் சொன்னேன். நடந்து போய், பக்கத்தில் நின்று, அவர் நிமிரும் வரை காத்திருந்து, இரண்டு டீ கேட்டாள். எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போய், ஒரு மூலையில் அவளை நிறுத்தி, இன்னொரு மூலையில் நான் காலிச் சட்டியோடு நின்றேன். "கத்துக்கா! கலவைன்னு கத்து!" என்று நான் கத்திய கத்தில் கீழ் வீட்டு ஜெய்தூன் பீவி மேலே ஓடி வந்துவிட்டார், என்னவோ ஏதோ என்று. அக்கா அந்த அம்மாளைப் பார்த்து வெட்கப்பட்டுச் சேலையை இழுத்து மூடிக்கொண்டாள். அதோடு அன்றைய பாடம் முடிந்தது. அப்புறம் பீர் முகமது வாங்கி வந்த பரோட்டாவைச் சாப்பிட்டோம்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. கொட்டகையில் எந்த மூலையிலிருந்தாவது எவனாவது கலவை என்று கூப்பிட்டால் போதும், அக்காவின் கால் தானாக எழுந்துவிடும். கையில் பாதி கட்டிய சுவர், பக்கத்தில் ரசமட்டம், எல்லாவற்றையும் போட்டுவிட்டுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். பாதி தூரம் போன பிறகுதான் நினைவு வரும். நாக்கைக் கடித்துக்கொண்டு திரும்பி வருவாள். பையன்கள் சிரிப்பார்கள். செம்பட்டிப் பையன் செழியன் வேண்டுமென்றே ஒரு தடவை கூப்பிட்டான். அவனுக்கு நான் கொடுத்த டோஸில் ஒரு வாரம் என் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். அவள் குத்துக்கால் போட்டு உட்கார்ந்ததும், சேலைத் தலைப்பின் மேல் இரண்டு செங்கல்லை வைத்துவிடுவேன். யாராவது கூப்பிட்டு இவள் எழுந்தால் தலைப்பு இழுக்கும். உடனே நினைவு வந்து உட்கார்ந்துகொள்வாள். இந்த மருந்து நன்றாக வேலை செய்தது. தேர்வுக்கு முந்தைய இரண்டு வாரமும் அவள் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை.

தேர்வு மாசி மாதத்தில் வந்தது. தகரக் கூரை அப்போதே கொதிக்க ஆரம்பித்திருந்தது. மார்க் போட இரண்டு பேர் வருவார்கள் என்று தெரியும். ஒருவர் வெளியூர்ப் பொறியாளர், இன்னொருவர் அனுபவப்பட்ட மேஸ்திரி. காரிலிருந்து முதலில் பொறியாளர் இறங்கினார். அடுத்து, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் இஸ்திரி போட்ட பேண்டுமாக ஒரு பெரியவர் இறங்கினார். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாகிரா… எங்க மேஸ்திரி."

ஸ்டான்லி மேஸ்திரியேதான். அவரும் இவளைப் பார்த்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. கெட்ட மனுஷர் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தன் கையால் சேலையும் கேக்கும் கொடுத்தவர். "ஏ இஞ்ஞாசி! கழுத்து சரியாப்போச்சா? என்ன, இங்ஙன சித்தாளா வேல குடுத்துருக்காகளா?" என்றார்.

"இல்ல மேஸ்திரி. படிக்கிறேன்."

"என்ன படிக்கிற?"

"கொத்து வேல."

அவர் கடகடவென்று சிரித்தார். கேலி இல்லை, நம்ப முடியாத சிரிப்பு. ஆனாலும் என் நாக்கு நுனி வரை நாலு வார்த்தை வந்துவிட்டது. மார்க் போட வந்தவர் என்பதால் வாயை மூடிக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் அந்த ஐந்து நிமிஷம் ஒரு சாதனை.

காலையில் நான் கட்டினேன். என் சுவர் இந்தத் தடவை மூன்று மாதக் கர்ப்பம் அளவுக்குத்தான் துருத்தியது, பாஸாகிவிடலாம். மதியம் அக்காவின் முறை. மூலை சேர்ந்து திரும்பும் சுவர், மூன்றடி உயரம், இரண்டரை மணி நேரம். கொத்தனார் இடத்தை விட்டு ஒரு தடவை எழுந்தால் மார்க் குறையும், இரண்டாவது தடவை எழுந்தால் தேர்வே ரத்து.

நான் செய்த தப்பை இங்கே சொல்லிவிடுகிறேன். என் சுவர் என்ன ஆகுமோ என்ற நினைப்பிலேயே இருந்ததில், அவள் தலைப்பின் மேல் செங்கல் வைக்க மறந்துபோனேன்.

அவள் கட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே! நூல் பிடித்து, மூலையை மேலே ஏற்றி, ஒவ்வொரு கல்லையும் கரண்டிப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டி உட்காரவைத்தாள். கூடுதலாக ஒரு அசைவு கிடையாது. கலவைதான் பிரச்சினை. மூன்று தடவை கேட்டாள். மூன்று தடவையும் சத்தம் வரவில்லை, உதடு அசைந்ததைப் பார்த்துத்தான் நான் கொண்டுபோனேன். பொறியாளர் தாளில் என்னவோ எழுதினார். "அம்மா, சத்தமாக் கேக்கணும். இனிமே கேக்காம கொண்டுவந்தா இந்தம்மாவுக்கும் சேத்து மார்க் போயிரும்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது.

இரண்டு வரிசை மிச்சம். இருபது நிமிஷம் இருந்தது. அவள் பலகையில் ஒரு கைப்பிடிக் கலவைதான் கிடந்தது. நான் சட்டியை நிறைத்து வைத்துவிட்டு, "கேளுக்கா, கேளுக்கா" என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நின்றேன்.

பக்கத்து இடத்தில் செழியன் கட்டிய மூலை சாய்ந்திருந்தது. ஸ்டான்லி மேஸ்திரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நாற்பது வருஷம் கரண்டி பிடித்த கை அல்லவா, பொறுக்கவில்லை. "ஏலே அப்பு, இப்பிடியாடா கல்லு வைப்பாக?" என்று அவன் கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டு குனிந்துவிட்டார். இரண்டு கல்லை எடுத்தார், திருப்பி வைத்தார். கலவை போதவில்லை. தலையைத் திருப்பாமல் இடது கையைப் பின்பக்கம் நீட்டினார்.

"இஞ்ஞாசி, கலவை!"

வேண்டுமென்று கூப்பிடவில்லை. அவர் எங்கே இருக்கிறார், எதற்கு வந்திருக்கிறார் என்பதையே மறந்துவிட்டார். பதினான்கு வருஷப் பழக்கம். அதே பதினான்கு வருஷம் இந்தப் பக்கமும் இருந்தது. அக்கா எழுந்துவிட்டாள். நான் பிடிப்பதற்குள் இடுப்பிலிருந்த சும்மாட்டைத் தலையில் வைத்து, நான் நிறைத்து வைத்திருந்த முழுச் சட்டியைத் தூக்கித் தலையில் ஏற்றி, நாலே எட்டில் அவர் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டாள். இறக்கும்போது கழுத்தில் என்னவோ பிடித்துக்கொண்டது. "மாதாவே" என்று கழுத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார், தாளில் எழுதினார். "ஒரு தடவை எழுந்தாச்சு. இன்னொரு தடவை எந்திரிச்சா அவ்வளவுதாம்மா" என்றார்.

எனக்கு அடக்கிவைத்திருந்ததெல்லாம் பீறிக்கொண்டு வந்தது. நேராக மேஸ்திரி முன்னால் போய் நின்றேன். "ஏன்யா, ஒங்களுக்கு மனசாட்சி இருக்கா? மார்க் போட வந்தீகளா, எடுபிடி வேல வாங்க வந்தீகளா? அவ கழுத்து ஒடைஞ்சது எதுனாலன்னு தெரியுமா? இன்னமும் ஒங்களுக்குப் பத்தலையா?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். டீச்சர் ஓடிவந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. மேஸ்திரி பாவம், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "நெனப்பில்லாம கூப்புட்டுட்டேம்மா, சத்தியமா நெனப்பில்ல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

நான் இங்கே வீராவேசமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் அக்கா கழுத்தை நீவிக்கொண்டே தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். அங்கே பலகை காலி. சட்டி மேஸ்திரியின் காலடியில். சித்தாள் என்று பெயருக்கு இருக்கும் நான் சட்டியை மறந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கிறேன். இருப்பது பன்னிரண்டு நிமிஷம். எழுந்து வந்து எடுத்தால் தேர்வு போச்சு. கேட்காவிட்டாலும் போச்சு.

"கலவை!"

யார் குரல் என்று எனக்கே தெரியவில்லை. சாலைக்குக் கேட்டிருக்கும். கொட்டகை முழுக்க வேலை நின்றுபோனது. திரும்பிப் பார்த்தால் அக்கா எங்களைப் பார்க்கக்கூட இல்லை. கண் நூலில் இருந்தது. இடது கை மட்டும் பின்பக்கம் நீண்டிருந்தது, அப்படியே அந்த மேஸ்திரி நீட்டுகிற மாதிரி.

"கலவை கொண்டாங்க! கல்லு காயுது!"

நான் திகைத்துப்போய் நின்றேன். அசைந்தவர் ஸ்டான்லி மேஸ்திரி. சட்டிக்குப் பக்கத்தில் இருந்தவர் அவர்தானே? கரண்டியைக் கீழே போட்டார், குனிந்து சட்டியைத் தூக்கினார். கஞ்சி போட்ட சட்டையெல்லாம் சுண்ணாம்பு வழிந்தது. பழைய பழக்கத்தில் அதைத் தலைக்குக் கொண்டுபோனார்.

அக்கா அரைக்கண்ணால் அதைப் பார்த்தாள்.

"தலையில வைக்காதீங்க மேஸ்திரி" என்றாள். "கழுத்து போயிரும். இடுப்புல வச்சுக் கொண்டாங்க."

அதில் குத்தல் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நானாக இருந்தால் ஆயிரம் சொல்லிக் காட்டியிருப்பேன். அவள் நிஜமாகவே அவர் கழுத்துக்காகத்தான் சொன்னாள். மேஸ்திரி சட்டியைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஒரு கணம் நின்றார். பிறகு மெதுவாக இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அவள் பலகையில் கொட்டினார்.

அவள் கரண்டியால் ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்தாள். "தண்ணி சாஸ்தி. அடுத்தது கெட்டியா வேணும்."

"இந்தா கொண்டாரேன்" என்றார் மேஸ்திரி.

நான் ஓடிப்போய்ச் சட்டியைக் கேட்டேன். கொடுக்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார். பொறியாளரைப் பார்த்தேன். சித்தாள் யாராக இருக்க வேண்டும் என்று விதியில் எழுதவில்லை போலிருக்கிறது, அவர் தடுக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை அக்கா கேட்டாள், இரண்டு தடவையும் அவரே கொண்டுவந்தார். கடைசிக் கல்லைத் தட்டி உட்காரவைத்தபோது ஒரு நிமிஷம் பாக்கி இருந்தது.

பொறியாளர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். மூலையில் பார்த்தார், நடுவில் பார்த்தார், மூலைமட்டம் வைத்துப் பார்த்தார். மார்க் தாளை மேஸ்திரியிடம் நீட்டினார். மேஸ்திரி வாங்கவில்லை.

"நீங்களே போடுங்க சார். நான் போடக் கூடாது. நான் இவங்களுக்குக் கலவை கொண்டுவந்து குடுத்தவன்" என்றார்.

இவங்களுக்கு என்றார். காலையில் வந்து இறங்கியபோது ஏ இஞ்ஞாசி என்று கூப்பிட்டவர்.

எழுந்ததற்கு மார்க் குறைத்தார்கள், முதல் மூன்று தடவை சத்தம் வராததற்குக் குறைத்தார்கள். குறைத்த பிறகும் பதினான்கு பேரில் அவள் இரண்டாவது. பெயரைப் படித்தபோது அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அவளைவிடச் சத்தமாக அழுதேன். செழியன்கூடக் கண்ணைத் துடைத்தான், தூசி என்றான்.

சாயங்காலம் வழக்கம்போல எல்லாச் சுவரையும் பிரிக்க வேண்டும், தேர்வுச் சுவராக இருந்தாலும். அக்கா தன் சுவரைத் தடவிக்கொடுத்துவிட்டு முதல் கல்லை எடுத்தாள். பொறியாளர் கிளம்பிப் போய்விட்டார். மேஸ்திரி போகவில்லை. சுண்ணாம்புச் சட்டையோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"பதினாலு வருசம் இஞ்ஞாசி. ஒரு நாளாச்சும் தலையில வைக்காதன்னு நான் ஒனக்குச் சொல்லிருக்கலாம்ல?"

அக்கா கையிலிருந்த செங்கல்லைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"ஒங்களுக்கும் யாரும் சொல்லிருக்க மாட்டாக மேஸ்திரி. நீங்களும் சட்டி தூக்கித்தான வந்தீக" என்றாள்.

அவர் தன் பிடரியில் கையை வைத்துக்கொண்டார். பிறகு குனிந்து எங்களோடு சேர்ந்து கல்லை எடுத்து அடுக்க ஆரம்பித்தார். எல்லாம் முடிந்ததும் அக்கா இடுப்பிலிருந்த சும்மாட்டுத் துணியை உருவி, அதால் தன் கரண்டியைத் துடைத்து, அதிலேயே சுற்றிப் பையில் வைத்துக்கொண்டாள். எரியோட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

எங்கள் குளியலறைச் சுவரை அக்காவும் நானும்தான் உடைத்துக் கட்டிப் பூசினோம். பீர் முகமது கலவை கொண்டுவந்தார். ஓதம் நின்றுவிட்டது. இப்போது அக்கா எரியோட்டுப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இருக்கிறாள். போன வாரம் அவளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன், புதுச்சேலை கட்டிக்கொண்டு, கையில் அல்வாப் பொட்டலத்தோடு. அந்த வேலை இடத்தில் ஒருத்தி தலையிலும் சட்டி இல்லை. கீழே தள்ளுவண்டியில் கலவை வருகிறது, அங்கிருந்து கைக்குக் கை மாறி மேலே போகிறது. அக்கா ஜன்னல் மட்டத்துக்குச் சுவரை ஏற்றிக்கொண்டு சாரத்தில் நின்றாள். மேலேயிருந்து என்னைப் பார்த்தாள். வா என்று கூடச் சொல்லவில்லை.

"தாகிரா! சும்மாதான நிக்கிற? கலவை!"

எவனாவது, எவளாவது என்னை அப்படி ஒரு அதட்டல் போட்டுவிட்டு ஊர் போய்ச் சேர்ந்திருக்கிறார்களா? பேகம்பூரில் கேட்டுப் பாருங்கள். அல்வாப் பொட்டலத்தை மணல் மேல் வைத்துவிட்டு ஓடினேன். சட்டியை இடுப்பில்தான் வைத்துக்கொண்டேன்.